உச்சிப்புளிப் பக்கம் அடுப்புள்ள ஒரு வீடு

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ராமேஸ்வரம் என்றால் ஒரே நாள் பயணம். நடுச்சாமம் கழிந்து வண்டி எடுத்தால் விடியும்போது அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், ஈரத்துணியை மாற்றிக்கொண்டு சாமி தரிசனம், ஏதாவது ஓட்டலில் மதியச் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி, ராத்திரிக்குள் வீடு. நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கு அது போதும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை தொண்டிக்கும் வடக்கே ஆரம்பித்து, தேவிபட்டினம் வழியாக இறங்கி, பாம்பன் தீவைச் சுற்றிக்கொண்டு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று சாயல்குடிக்கும் அப்பால் போகிறது. இதை லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு பார்க்க முடியாது என்பது என் தீர்மானமான எண்ணம். சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். சில நாள் அங்கே குடித்தனம் செய்ய வேண்டும். அங்கிருந்து தினம் ஒரு திசையில் போய்த் திரும்ப வேண்டும்.

செலவு மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாலைந்து பேர் போனால் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை எல்லாம் அதிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் இருக்கின்றன. கண்மாயில் பறவை பார்க்க வேண்டுமென்றால் சூரியன் கிளம்பும்போது கரையில் நிற்க வேண்டும். மீன் ஏலம் அதற்கும் முன்னால். பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலையில் கானல் ஓடும், மனிதர் நடமாட்டம் இருக்காது, ஆடுமாடு கூட உடைமர நிழலில் ஒதுங்கிவிடும். லாட்ஜில் தங்கினால் காலைப் பலகாரம் எட்டு மணிக்கு, அதை முடித்துக் கிளம்ப ஒன்பதரை. அதாவது எல்லாம் முடிந்த பிறகுதான் நாம் போய்ச் சேர்வோம். வீட்டில் அடுப்பு இருந்தால் நாலரைக்கு ஒரு டீ, தூக்குச்சட்டியில் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ, ஐந்து மணிக்கு வண்டி. பதினொன்றுக்கு வீடு திரும்பி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் நாலு மணிக்கு மறுபடி ஒரு நாள் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, கிராமத்துச் சாலைகளில் சாப்பாட்டுக் கடை கிடையாது. டீக்கடை உண்டு, வடை உண்டு, பெரிய ஊர்களில் சாயங்காலம் புரோட்டாக் கடை திறப்பார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டியவர். அவரைக் கூட்டிக்கொண்டு கண்மாய், உப்பளம், பனங்காடு என்று சுற்ற முடிந்ததற்குக் காரணம் எங்கள் தூக்குச்சட்டிதான்.

எங்கே வீடு பிடிப்பது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ராமேஸ்வரம் ஊருக்குள் வேண்டாம். தீவுக்குள் தங்கினால் ஒவ்வொரு முறையும் பாலத்தைத் தாண்டி வந்துதான் மற்ற திசைகளுக்குப் போக வேண்டும். ராமநாதபுரம் டவுனும் வேண்டாம், அங்கே கடல் இல்லை. இரண்டுக்கும் நடுவே உச்சிப்புளியைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பு ஊர்கள்தான் சரி. அந்த இடத்தில் நிலம் ஒடுங்கிப் போய்விடுகிறது. வடக்கே சில கிலோமீட்டரில் அரியமான், பிரப்பன்வலசைக் கரை, அது பாக் நீரிணைப் பக்கம். தெற்கே அதேபோலக் கொஞ்ச தூரத்தில் புதுமடம், அது மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். மதுரை-ராமேஸ்வரம் நெடுஞ்சாலையும் ரயிலும் பக்கத்திலேயே. ஒரு வீட்டில் இருந்துகொண்டு காலையில் ஒரு கடல், மாலையில் இன்னொரு கடல் என்று போகலாம். தமிழ்நாட்டில் வேறெங்கே இது வாய்க்கும்?

இரண்டு கடலும் ஒன்றுபோல இருக்காது. வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கண்மாய்த் தண்ணீர் போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று இறங்கினால் வடகடல் கலங்கிச் சேறாகிவிடும், தென்கடல் தெளிந்துவிடும். பிள்ளைகளைக் குளிக்க எந்தக் கரைக்குக் கூட்டிப் போவது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூகுள் மேப்பில் இது இருக்காது. நாங்கள் தங்கிய வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அக்காவிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "வாடை எறங்கிருச்சு தம்பி, வடக்க போகாதிய. புள்ளைகளத் தெக்க கூட்டிட்டுப் போங்க."

அந்த அக்கா வண்டியில் அலுமினியக் கூடை கட்டிக்கொண்டு காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். முதல் நாள் அவர் கொண்டுவந்தது நகரை. சிவப்பும் ரோஸும் கலந்த மீன், உள்ளங்கை நீளம், மோவாய்க்குக் கீழே இரண்டு மீசை. அம்மாவுக்கு மதுரைச் சந்தையில் ஐஸ் பெட்டி மீன் வாங்கித்தான் பழக்கம். இதைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வாடையே இல்லை. கவிச்சி அடிக்கவில்லையே என்று சந்தேகமாகக் கேட்டார். "கவிச்சி அடிக்க அது இன்னும் சாகவே இல்லையேம்மா" என்றார் அக்கா.

குழம்பு வைக்கும் முறையையும் அவரே சொன்னார். சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி, கொஞ்சம் சீரகம், தேங்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் புளித்தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசம் போய், ஓரத்தில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் மீன். போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நாலைந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மீனைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிடுவது வழக்கம். கரைக்கு வந்து சில மணி நேரமே ஆன மீனுக்கு அத்தனை கொதி தேவையில்லை என்று அந்தச் சட்டியில்தான் தெரிந்தது. சதை எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வந்தது, ஆனால் உடையவில்லை. அன்றைக்கு அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எந்த மீன் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை உண்டு. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கரையில் கிடக்கும். அதற்குத் தக்கபடி கூடை மாறும். ஒரு நாள் கணவாய், ஒரு நாள் நண்டு, ஒரு நாள் வெறும் காரலும் சூடையும். பொடிமீன் என்றால் நகரத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இந்தக் கரையில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சொதிதான் கொடுப்பார்கள். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தால் கைக்குழந்தைக்காரியான என் தங்கைக்கு அதைவிட நல்ல சாப்பாடு எந்த ஓட்டலில் கிடைத்திருக்கும்?

வீட்டைப் பார்க்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சமையல் வசதி உண்டு' என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் போகாதீர்கள். ஒரு முறை அப்படி விளம்பரம் பார்த்துப் பிடித்த வீட்டில் சமையல் மேடை இருந்தது, குழாய் இருந்தது, ஒரு மின் அடுப்பு இருந்தது. பாத்திரம் என்று இருந்தது ஒரு பால் பாத்திரமும் இரண்டு தட்டும். மின்சாரம் போனால் அடுப்பும் போச்சு. ஆகவே கேஸ் அடுப்பா, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, குக்கர் உண்டா, எத்தனை தட்டு, மீன் கழுவ வெளியே இடமும் குழாயும் உண்டா என்று போனிலேயே கேட்டுவிட வேண்டும். மீன் கழுவும் இடம் ரொம்ப முக்கியம். உள்ளே கழுவினால் நாம் போன பிறகும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரர் நம்மை நினைத்துக்கொண்டிருப்பார். மீன் விற்கிறவரே வெட்டிக் கழுவித் தருவார், அதற்குக் கூடக் கொஞ்சம் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டத்தில் வீட்டின் அருமை கடல் எவ்வளவு பக்கம் என்பதில் இல்லை, நல்ல தண்ணீர் எவ்வளவு பக்கம் என்பதில்தான். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழுசாகவே கிடக்கும். டீ வேறு ஏதோ ருசியில் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிற ஊர்களிலும் நினைத்த நேரத்துக்கு வராது. டேங்கரிலோ வண்டியிலோ வரும் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற பெண்களைத் தெருவில் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கார அண்ணன் சமையலறையில் இரண்டு கேன் தண்ணீர் வைத்துவிட்டு, "இது சமைக்கவும் குடிக்கவும் மட்டும். பாத்திரம் கழுவ வெளிய இருக்கிற தொட்டி" என்றார். சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். அவர் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்தால்தான் அந்த வருஷம் என்று வாழ்கிற ஊரில் நாம் பத்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டு நிற்பது சரியில்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் புரியவைத்தோம். மூன்றாம் நாளிலிருந்து பல் தேய்க்கும்போது குழாயை மூட அவர்களே ஒருவரை ஒருவர் விரட்டினார்கள்.

சரி, சுற்றப் போவதைப் பற்றிச் சொல்கிறேன்.

பறவைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். கடலோர மாவட்டம் என்று பேர், ஆனால் உள்ளே போனால் கண்மாய்க்கு மேல் கண்மாய். வைகைத் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் பிடித்துவைக்கப் பழங்காலத்திலேயே வெட்டியவை. அவற்றில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அதே வருஷம் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் சேர்ந்தது. 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று ஒரே வறட்சி மாவட்டத்தில் இத்தனை இருப்பது எனக்குப் பெரிய பெருமை. சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் டவுனை ஒட்டியே இருக்கிறது. உச்சிப்புளியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டு பிரியும்போது கரையில் நிற்கலாம்.

தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடு. ஒரே மரத்தில் மேல் கிளையில் சங்குவளை நாரை, நடுவில் கரண்டிவாயன், கீழே நீர்க்காகம் என்று அடுக்கடுக்காகக் குடியிருக்கும். கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதை என் அக்கா மகன் கவனித்துக்கொண்டே இருந்தான். அத்தனை பெரிய உடம்பு, இரண்டு காலையும் முன்னால் நீட்டிப் பிரேக் போட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும். நாரைக் குஞ்சுகள் போடும் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. சாயல்குடிப் பக்கம் போனால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் இன்னும் பெரியவை. மழை பொய்த்த வருஷம் போனால் வெடித்த மண்தான் இருக்கும், ஒரு கொக்கு கூட இருக்காது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. மார்கழி, தை சரியான காலம்.

பூநாரைக்குத் தனியாகப் போக வேண்டும். தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கலில் தை, மாசி வாக்கில் வந்து நிற்கும். சாலையில் நின்றே பார்க்கலாம். பக்கத்தில் போய்ப் போட்டோ எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இரை தேடும் பறவையை ஒரு செல்ஃபிக்காக எழுப்பிவிடுவது என்ன நியாயம்?

தெற்குத் திசையில் ஒரு முழு நாள். திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள், அங்கிருந்து சேதுக்கரை, அப்புறம் உத்தரகோசமங்கை. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனம் களைந்து பச்சைத் திருமேனியைப் பார்க்கலாம். அந்தச் சமயம் கூட்டம் அலைமோதும். சாதாரண நாளில் போனால் பெரிய பிராகாரத்தில் நிம்மதியாக உட்கார முடியும், அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. திருப்புல்லாணியில் பாயசப் பிரசாதம் பேர்போனது.

அதே திசையில் கீழக்கரை. அதற்கு நான் தனியாக ஒரு சாயங்காலம் ஒதுக்குவேன். கல்தூண்களோடு கோயில் மண்டபம் மாதிரியே கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி வாழ்ந்த ஊர், 'செத்தும் கொடுத்தான்' என்று நாம் சின்ன வகுப்பில் படித்தோமே, அவரே. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, கேட்டுக்கொண்டு, மரியாதையாக உடுத்திப் போனால் பார்க்கலாம். திரும்பும்போது தொதல் என்ற இனிப்பை வாங்காமல் வரக் கூடாது. தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் கிண்டிக் கறுத்துப் பளபளவென்று இருக்கும், கையில் ஒட்டாது, வாயில் ஒட்டும். ஊரின் பழைய வீடுகளையும் குறுகிய தெருக்களையும் பார்த்துக்கொண்டு நடந்தால், கடல் வணிகத்தில் எவ்வளவு செல்வம் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பக்கத்திலுள்ள பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. உச்சிப்புளிக்கு வடமேற்கே, வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளம். அங்கே ரோமானியக் காசுகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் எடுத்திருக்கிறார்கள். இப்போது போய்ப் பார்த்தால் தென்னையும் வீடுகளும்தான். இருந்தாலும் ஆற்றங்கரையில் நின்று அந்த மெலிந்த வைகையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மதுரையில் பாலத்துக்கு அடியில் தினம் பார்க்கிற ஆறு, இங்கே வந்து முடிகிறது.

வடக்கே தொண்டிச் சாலையில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது, துடுப்புப் படகில் நாமே போகவும் ஏற்பாடு உண்டு. சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களை ஆட்கள் ரொம்பத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று பார்த்தால் ஒவ்வொரு வேருக்குப் பக்கத்திலும் ஒரு நண்டு வளை இருக்கும், அசையாமல் இருந்தால் நண்டு வெளியே வரும். அன்றைக்கு மட்டும் மதியம் சமைக்கவில்லை. ஊர்க்காரர்கள் சமைத்துத் தருகிறார்கள், முன்னாடியே சொல்லிவைத்தால் போதும். சுற்றுலாவால் அந்த ஊரின் கைக்குக் காசு போகிற இடத்தில் நம் அடுப்பை அணைத்துவிடுவதுதான் முறை.

சாயல்குடிச் சாலை வேறு உலகம். கண்ணுக்கெட்டிய வரை பனை. பதநீர்க் காலத்தில் காலையில் போனால் பனையேறிகள் இறங்கிவரும் நேரமாக இருக்கும். விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், பெரிய வட்டையில் பதநீர் காய்ந்துகொண்டிருக்கும். கொதித்துப் பொங்கிப் பொங்கிக் கடைசியில் பாகு கெட்டிப்படும்போது, அங்கே காய்ச்சிக்கொண்டிருந்த ஓர் அம்மா அதில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்தார். சரியாக வந்ததும் வட்டையை இறக்கித் துழாவி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். கருப்பட்டி ஏன் அரைக்கோளமாக இருக்கிறது என்று பிள்ளைகள் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அடுப்பின் சூட்டில் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அவர் விடிந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறார். அப்படிப்பட்ட கருப்பட்டிக்குப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. சொன்ன விலை கொடுத்து வாங்கினோம். அதற்குப் பிறகு எல்லா நாளும் கருப்பட்டிக் காப்பிதான். வாலிநோக்கத்தில் உப்பளங்களைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம், மதியத்தில் போனால் கண் கூசும்.

மிளகாய்க்கு மாசி, பங்குனியில் போக வேண்டும். ஆர்.எஸ்.மங்கலம், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் களங்களிலும் சாலை ஓரங்களிலும் சிவப்பாகக் காயும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தோல் தடித்து, மினுமினுவென்று இருக்கும். எண்ணெயில் போட்டால் உப்பிக்கொண்டு வரும், காரத்தோடு ஒரு மணமும் சேர்ந்து வரும். களத்திலேயே கிலோ கணக்கில் வாங்கி அன்றைய குழம்புக்கே போட்டுப் பார்த்தோம்.

கடலுக்குள் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள் அதற்குள் வருகின்றன. அதில் நினைத்த தீவில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. பாம்பன் தீவில் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை கூட்டிப்போகும் படகுதான் முறையான வழி. தனியாகப் படகு பேசித் தீவில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குந்துகாலில்தான் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கினார், நினைவிடம் இருக்கிறது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை என்று எதையும் வாங்காதீர்கள். கடல் அட்டை பிடிப்பதற்கே 2001 முதல் தடை. பவளப்பாறை உடைந்தால் மீன் குஞ்சுக்குப் போக்கிடம் இல்லை, அப்புறம் அந்த அக்காவின் கூடையில் என்ன வரும்?

மண்டபம், வேதாளைக் கரையில் மூங்கில் தெப்பங்கள் மிதப்பதைப் பார்க்கலாம். கயிற்றில் கடற்பாசித் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். அதைவிடப் பழைய தொழில், பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்குவார்கள். கரைக்கு வந்து துணியை அவிழ்த்தபோது ஓர் அம்மாவின் விரல் நுனிகள் வெள்ளையாக ஊறிச் சுருங்கியிருந்தன, இரண்டு இடத்தில் பாறை கிழித்திருந்தது. என் தங்கை தன் கைக்குழந்தையை அவரிடம் காட்டினாள். தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கொஞ்சினார். "கை உப்பாக் கெடக்கு கண்ணு" என்றார். ஐஸ்கிரீமுக்குள் போகும் பாசிக்குப் பின்னால் அந்தக் கை இருக்கிறது என்பதை அங்கே போகாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

ராமேஸ்வரத்தைக் கடைசியில் வையுங்கள். உச்சிப்புளியில் ரயில் ஏறிப் போகலாம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டோம், ஊருக்குள் நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். ஜன்னலில் பிள்ளைகள் முகத்தை ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், இரண்டும் வேறு வேறு நிறம். தனுஷ்கோடிக்கு அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் அது, ரயிலோடு பயணிகளும் போனார்கள். சர்ச்சின் சுவர் இன்னும் நிற்கிறது. அரிச்சல்முனை வரை இப்போது சாலை இருக்கிறது, அந்தி சாய்ந்தால் அனுமதி இல்லை, அதனால் மதியமே போய்விட வேண்டும். ஒரு வாரம் கரையில் குடித்தனம் செய்த பிறகு அந்த இடிபாடுகளைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். இங்கே ஒரு சமையலறை, இங்கே ஒரு கிணறு என்று கண் தானாகத் தேடும். பக்கத்துக் குடிசைகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள், மீன் வறுத்து விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எப்போது போவது? கார்த்திகை மழை விட்ட பிறகு மாசி வரை நல்ல காலம். திருவாதிரைக்கும் தை அமாவாசைக்கும் வீடு கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆதார் அட்டையைக் கட்டாயம் கேட்பார்கள், கடலோரக் காவல் காரணமாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பெரிய மீன் குறைவு, விலை கூட. நாட்டுப்படகு மீன் கிடைக்கும். வெயில் தாங்குகிறவர்கள் அப்போதும் போகலாம். நுங்கு இருக்கும், பதநீர் இருக்கும், வீட்டு வாடகையும் இறங்கியிருக்கும். புளி, எண்ணெய், நல்ல அருவாமனை ஒன்று, இவை மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மண்சட்டி ராமநாதபுரம் டவுனில் வாங்கிக்கொள்ளலாம், திரும்பும்போது வீட்டுக்கார அண்ணனிடமே கொடுத்துவிட்டு வந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.